சவரிமுத்து மாட்டிய கல்

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. மங்கலம்பேட்டை கபீர் பாய் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, சவரிமுத்து காலையில் போய்விட்டாராம் என்றார். கபீர் பாய் எங்கள் விறகு டிப்போவுக்கு லாரி ஓட்டியவர். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். எண்ணெயை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த வயதில் ஒரு சாவுச் செய்தி வந்தால் மனம் பதறுவதில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது.

டிப்போவில் இருந்த பலர் இதைப் படிப்பீர்கள். அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு விறகு கொடுத்தது எங்கள் டிப்போ. நான் ஸ்டோர் கிளார்க். சவரிமுத்து ரம்பங்களுக்குப் பல் தீட்டுகிறவர். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. அறுபதுகளில் நான் சேர்ந்தபோது இரண்டு பேர் இழுக்கும் ரம்பம்தான் இருந்தது. அதை மடியில் குழந்தையைப் போட்டுக்கொள்வது போலப் போட்டுக்கொண்டு, முப்பட்டை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார். "பல்லு எல்லாம் ஒரே ஒசரம் இருக்கணும் சார். ஒண்ணு ஒசந்துக்கிச்சின்னா மத்ததெல்லாம் சும்மா போயிட்டு சும்மா வரும்" என்பார். அவர் எங்கள் ஆபீஸ் அறையைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வதாக எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி ஒரு காட்டுக் குத்தகைக்காரரிடமிருந்து பழைய செயின் ரம்பம் ஒன்றை வாங்கி வந்தார். பெட்ரோலில் ஓடுவது. தைல மரக் கட்டை ஒன்றை அது அறுத்துத் தள்ளியதைப் பார்க்க சூளையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் அது மரத்தை அறுக்கவில்லை, கடித்துக்கொண்டு நின்றது. செயினில் பல் மழுங்கிவிட்டது. சவரிமுத்து வட்ட அரம் போட்டு ஒவ்வொரு பல்லாக ராவி முடிப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும். அறுக்க ஆரம்பித்தால் இரண்டே நாளில் மறுபடியும் மழுங்கும்.

காரணத்தை அவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் கட்டைகள் கிடந்தது களிமண்ணும் பீங்கானுக்கு அரைத்த கல்மாவும் கொட்டி வைக்கும் களத்துக்குப் பக்கத்தில். காற்றடித்தால் கட்டையெல்லாம் வெள்ளை பூசிக்கொள்ளும். அந்தக் கல்மாவுதான் பல்லைத் தின்கிறது, மரத்தைக் கழுவிவிட்டு அறுங்கள் என்றார். நாங்கள் சிரித்தோம். முதலாளி, ஈர விறகைச் சூளைக்கு அனுப்பினால் என்னைத்தான் உள்ளே வைத்துக் கொளுத்துவார்கள் என்றார். கழுவுவதை விட்டுவிட்டு, சாணை மெஷின் வாங்கச் சொல்லி எங்கள் இருவரையும் கடலூருக்கு அனுப்பினார்.

அந்த ஒரு நாளை நான் மறக்கவில்லை. இரும்புக் கடையில் மூன்று மெஷின்கள் இருந்தன. கையால் சுற்றுவது ஒன்று. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டி, கத்தி தீட்டும் பெரிய மோட்டார் மெஷின் ஒன்று, பொறி பறக்கப் பறக்க வேகமாகச் சுற்றியது. மூன்றாவது, செயினுக்கென்றே செய்தது. பழசு, மெதுவாகச் சுற்றும், மெல்லிய கல், கல்லின் மேல் கனமான இரும்பு மூடி. எனக்கு வேகமாகச் சுற்றியதுதான் பிடித்தது. ஏனென்றால், சூளை எரிய ஆரம்பித்துவிட்டால் விறகு நிற்கக் கூடாது; விறகு நின்றால் முதலில் திட்டு வாங்குகிறவன் நான். சவரிமுத்து பழைய செயின் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அந்த வேக மெஷினில் ஒரு பல்லைக் காட்டினார். பல் நீலமாகிவிட்டது. "வெந்துப்போச்சு சார். இனிமே இந்தப் பல்லு அரத்துக்கும் மசியாது, மரத்துக்கும் ஆவாது" என்றார். பிறகு மூன்றாவதில் உட்கார்ந்து, செயினைப் பிடிக்கும் கவ்வியை ஒரு பக்கம் சாய்த்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இடப் பற்களைத் தொட்டுவிட்டு, மறுபக்கம் சாய்த்து வலப் பற்களைத் தொட்டார். கல்லைக் கழற்றி விரலில் மாட்டித் தொங்கவிட்டு, அரத்தின் மரப்பிடியால் தட்டிக் கேட்டார். கணீரென்றால் உள்ளே விரிசல் இல்லை என்று அர்த்தமாம். மூடியை அசைத்து அசைத்துப் பார்த்தார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கும்தான். ஆனாலும் அவர் சொன்னதையே வாங்கினோம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

நன்றாகத்தான் ஓடியது. அரை நாள் வேலை முக்கால் மணியில் முடிந்தது. சிக்கல் கல்லில் வந்தது. அந்த மெல்லிய கல் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். தேய்ந்து போனதும் எழுதிப் போட்டோம், வரவில்லை. மறுபடியும் எழுதினோம், வரவில்லை. இரண்டு சூளைகளில் நெருப்பு வைத்தாகிவிட்டது; அரத்தால் ராவி அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. சாணைக் கல்லும் சூளையில் சுட்டதுதானே? கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் செய்கிற ஊரில் ஒரு கல் சுட முடியாதா? வேறு எந்த ஊரில் இருந்திருந்தாலும் எனக்கு இந்தப் புத்தி போயிருக்காது. தெரிந்த சூளைக்காரர் ஒருவரிடம் பழைய கல்லை மாதிரி கொடுத்து, வட்டமாக, துளையோடு, ஒன்று சுட்டு வாங்கி வந்தேன். பார்க்க அசலைவிட அழகாக இருந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

சவரிமுத்து அதை விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை தட்டினார். "ஊமையா இருக்குதுங்க சார். வேணாம்" என்றார்.

சூளையிலிருந்து ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "பயமா இருந்தா எழுந்திரு. வேற ஆளை ஒக்கார வெக்கிறேன்" என்றேன். அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். இன்னொருவரை உட்கார வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது இன்று புரிகிறது. அன்று, வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். கல்லை மாட்டி, மூடியை இறக்கி, சுவிட்சைப் போட்டார். நாலைந்து பல்தான் தீட்டியிருப்பார். கல் வெடித்தது. பெரும்பகுதியை அந்த இரும்பு மூடி வாங்கிக்கொண்டது. மூடிக்குக் கீழே வந்த ஒரு சில்லு அவருடைய இடது கண்ணில் போனது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன். அந்தக் கல்லை யார் மாட்டியது என்று கேட்டார். "நான்தாங்க. சூளையில சுட்டு வாங்குனா ஆவும்னு நெனச்சேன்" என்றார் சவரிமுத்து, கட்டுப் போட்ட முகத்தோடு. நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கண்ணு போனவன வெளியில அனுப்ப மாட்டாரு. ஒரு மூலையில ஒக்கார வெப்பாரு. உங்கள அனுப்பிடுவாரு. மூணு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவீங்க" என்றார். இதைவிடச் சுருக்கமாக என் நிலைமையை யாரும் சொன்னதில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். லாரி வந்தால் எழுந்து கதவைத் திறப்பார், போனால் மூடுவார். மெஷின் வேறு ஆளிடம் போயிற்று. டிப்போவில் ஒரு பேச்சும் பிறந்தது. யாராவது யோசிக்காமல் ஒன்றைச் செய்து கெடுத்தால், சவரிமுத்து கல்லு மாட்டின மாதிரி என்பார்கள். உங்களில் பலர் சொல்லியிருப்பீர்கள். வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள், தெரியும். நானும் ஒரு தடவை சொன்னேன், எல்லோரும் சிரித்த இடத்தில் நான் மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துவிடுமோ என்று. வாசலில் இருந்த அவருக்குக் கேட்டிருக்கும். மறுநாளும் எனக்கு எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத வருஷமில்லை. பெரியவளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளினேன். பிறகு நடுப்பெண். பிறகு அலுப்பு. ஒரு பொய் நம் வீட்டில் பல வருஷம் தங்கிவிட்டால் அதைக் கிளப்பவும் தெம்பு வேண்டியிருக்கிறது. எனக்கு அது இல்லாமல் போயிற்று.

அடக்கம் முடிந்த பிறகு, வந்தவர்கள் சர்ச் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மனுஷன், அந்த ஒரு நாள் மட்டும் புத்தி பிசகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்ற சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியமேரி என் பக்கம் திரும்பி, "டம்ளரைக்கூடத் தட்டிப் பாக்குற மனுஷன் சார். அன்னிக்கு மட்டும் எப்படித் தட்டாம மாட்டுனாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியலை. கேட்டா சிரிப்பாரு" என்றார். வீட்டிலும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். தட்டிப் பார்த்தார் என்றேன். இரண்டு தடவை தட்டினார், வேண்டாம் என்றார், மாட்டச் சொன்னது நான் என்றேன். என்ன வார்த்தை சொல்லி மாட்ட வைத்தேன் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தாங்கிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போன வாரம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா சார். அவரும் கேட்டிருப்பாரு" என்றார்கள். போன வாரம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில்தான் இருந்தேன்.

இந்த மாதிரிக் கட்டுரைகளில் போனவரிடமிருந்து நாம் பெற்றதைச் சொல்லி முடிப்பது வழக்கம். ஒழுங்கு, நிதானம், பொறுமை என்று நானும் எழுதலாம். எல்லாம் அவரிடம் இருந்தது, ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. என்னிடம் இருக்கப்போவது அந்தக் கல் ஒன்றுதான். இத்தனை வருஷம் அதை அவர் பெயரில் வைத்துக் காப்பாற்றினார். நண்பர்களே, அதை மாட்டியது நான்.