சாமி படத்துக்குப் பின்னால் செருகிய கடுதாசி

கேரளத்து ஏலப்பாறை எஸ்டேட்டில் நான் தேயிலைக் கொழுந்து பறித்த காலம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, வந்து தமிழில் முழங்குவார்கள். எழுபதுகளில் ஒரு தடவை, ஒரு வேட்பாளர் மட்டும் முழங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, எங்களுக்கு வந்திருந்த, எங்களுக்குப் படிக்கத் தெரியாத மலையாளக் கடுதாசிகளை வாசித்துச் சொன்னார்.

நானும் ஒன்றைக் கொடுத்தேன். போன வருஷம் வந்தபோதே, லயத்தைக் காலி பண்ணச் சொல்லும் உத்தரவோ என்று பயந்து, யாரிடமும் காட்டாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது.

"உங்க வீட்டுக்காரரைச் சேர்க்க பெரியாஸ்பத்திரியில இடம் இருக்குன்னு எழுதியிருக்கும்மா. உடனே வரச் சொல்லியிருக்காங்க."

"அவரு செத்து ஆறு மாசமாச்சு" என்றேன்.

அதற்குமேல் அந்த மனுஷர் ஓட்டே கேட்கவில்லை. எங்கள் லயம் மொத்தமும் அவருக்குத்தான் போட்டது. எனக்கு வந்த கடுதாசியை எனக்கு வாசித்துச் சொல்ல ஒரு தேர்தல் வரவேண்டியிருந்தது.