ஐயர் குடித்த கஞ்சி

ஃபுஜைராவுக்கு ஐயர் கிடைத்ததற்குக் காரணம் தன் ஆட்டுக்கறிதான் என்று சரோஜா ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லவும் முடியாது. அந்தக் கறியை ஐயர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். பிழைக்க வந்த அமீரகத்திலும் அது மாறவில்லை. அஜ்மான், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா மூன்று ஊர்த் தமிழ்ச் சபைகளும் சேர்ந்து ஒரு சேகரம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஐயர். சொந்தக் கோயில் எங்கும் கிடையாது. அந்தந்த ஊர் ஆலய வளாகத்தில் மலையாளச் சபைக்கும் பிலிப்பைன்ஸ் சபைக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் வெள்ளிக்கிழமை ஆராதனை. முந்தின ஐயர் தவணை முடிந்து ஊருக்குப் போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக ஆள் இல்லை. வந்து பார்த்த இரண்டு பேரும் ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். ஜெபத்துக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

சேகரக் கமிட்டியில் பேச்சு கிளம்பிவிட்டது. மூன்று ஊர் என்றால் எந்த ஐயரும் மலைக்கிறார், ஃபுஜைராவை விட்டுவிட்டு இரண்டு ஊர் என்று கேட்டால் வருவார்கள், ஃபுஜைராக்காரர்கள் அஜ்மானுக்கு வந்து திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. கார் வைத்திருப்பவர்களுக்கு அது சரிதான். சரோஜாவின் கணவர் கனகராஜால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது.

கனகராஜ் மலையை உடைத்து ஜல்லி எடுக்கிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கல்யாணமான புதிதில் சரோஜாவைக் கூட்டிவந்து, கிரஷர் தூசி படிந்த ஒற்றை ரூமில் குடிவைத்தார். ரூமில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தே சரோஜா மகள் ஜெபாவை நர்ஸ் ஆக்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன் கனகராஜுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. கம்பெனி விசா முடிந்தது. ஃபுஜைரா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஜெபா அப்பா அம்மாவைத் தன் விசாவில் எடுத்துக்கொண்டாள். சொந்த ஊர் மெஞ்ஞானபுரத்தில் பூட்டிய வீடு இருக்கிறது. அங்கே தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லை.

இடது கையால் ஸ்பூன் பிடித்துக் கஞ்சி குடிக்கப் பழகிவிட்டார் கனகராஜ். பாதி வாயோரம் வழியும். அதனால் வெளியாள் யார் வந்தாலும் சாப்பிட மாட்டார். கீழ்க்கடை கௌஸ் முகம்மது, இருபது வருஷத்துச் சிநேகிதர், அவர் வந்தால்கூடக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். தனக்கென்று அவர் கேட்டது ஒன்றுதான், ஐயர் கையால் மட்டுமே கிடைக்கிற திருவிருந்து. "ஐயர் வந்தாவளா?" என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்பார். சரோஜா அடுப்படியில் வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள்.

மூன்றாவதாக ஒருவர் வருகிறார், ஜோயல் தங்கதுரை ஐயர், ஊரில் பன்னிரண்டு கிராமச் சேகரத்தைப் பார்க்கிறவர், விசிட் விசாவில் வந்து ஒரே வெள்ளியில் மூன்று சபையும் சுற்றுவார் என்று செயலர் ஆசீர் போனில் சொன்னார். காலை அஜ்மான், மதியம் ராஸ் அல் கைமா, சாயங்காலம் ஃபுஜைரா. ஆராதனைக்கு முன் சரோஜா வீட்டில் சாப்பாடு.

சரோஜா சமையலில் இறங்கிவிட்டாள். ஃபுஜைரா சின்னச் சபை, கடைசியில் வருகிற சபை. கைப்பக்குவத்தில்தான் காட்ட வேண்டும். கௌஸ் முகம்மதுவிடம் சொல்லி இளம் ஆட்டுக்கறி வரவழைத்தாள். ஈரல் தனி, எலும்புக் குழம்பு தனி, சுக்கா தனி.

"சாயங்காலம் நாலு மணிக்கு யாரும்மா இவ்வளவு திம்பாங்க?" என்றாள் ஜெபா.

"அஜ்மான்காரிங்க அவர சும்மாவா விட்டிருப்பாளுவ? நம்ம வீட்ல வெறும் சாம்பார்னா, சபையும் அப்படித்தான்னு அவரு நெனச்சிருவாரு."

அஜ்மான்காரிகள் சும்மா விடவில்லை. காலையில் ஆப்பம், பாயா, மேலே முட்டை ரோஸ்ட், அதற்கும் மேலே ஒரு பாயசம் என்று செய்தி வந்தது. ராஸ் அல் கைமாவில் நெய்மீன் வறுவலும் பிரியாணியும், முடிந்து கிளம்பும்போது காரில் வழிக்கு ஒரு பொட்டலமும். கேட்கக் கேட்கச் சரோஜா அடுப்பில் இன்னொன்றை ஏற்றினாள்.

கார் வந்தது. ஆசீர் முதலில் இறங்கி ஓடிவந்து, பாத்ரூம் எங்கே என்று கேட்டார். பின்னாலேயே வந்த ஐயர் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனார். வீடு சின்னது. உள்ளே நடந்தது எல்லாருக்கும் கேட்டது. ஜெபா மிக்சியை ஓடவிட்டாள்.

"ரெண்டு எடத்துலயும் விடலக்கா," என்றார் ஆசீர், குற்றவாளி மாதிரி. "அவரும் வேணாம்னு சொல்லத் தெரியாத ஆளு. போட்டதெல்லாம் சாப்பிட்டாரு. அப்புறம் இந்த மலை ரோடு வேற."

மலை ரோடு என்ற சொல்லைத்தான் சரோஜா பிடித்துக்கொண்டாள். ஐயர் சாப்பிட்டதை மறந்துவிடுவார், ரோடுதான் ஞாபகம் இருக்கும். ஃபுஜைரா என்றாலே வாந்தி என்றுதான் ஊருக்குப் போய்ச் சொல்லுவார்.

ஐயர் முகம் கழுவிவந்து சோபாவில் சாய்ந்தார். நாற்பது வயசு இருக்கலாம்; அப்போது அறுபது மாதிரி இருந்தார். சுக்கா வாசம் வராமல் சரோஜா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. கனகராஜின் கஞ்சி நேரம் வேறு. நொய்யரிசியும் சிறுபயறும் பூண்டும் வெந்தயமும் போட்டது சூடாக இருந்தது. நோயாளி கஞ்சியை, அதுவும் எவர்சில்வர் கிண்ணத்தில், முதல்முதலாக வந்த ஐயருக்கா?

சக்கர நாற்காலியில் இருந்த கனகராஜ்தான் சொன்னார், வார்த்தை வார்த்தையாக. "சரோ. கஞ்சி. அவுகளுக்கும் குடு."

ஒருவர் கஞ்சியை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் தேங்காய்த் துவையல் வைத்தாள். ஐயர் ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. துடைக்கக்கூடச் செய்யாமல் அடுத்த ஸ்பூன் எடுத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கனகராஜ் தன் ஸ்பூனை எடுத்தார்.

சரோஜா அசையவில்லை. ஆசீர் எதிரில் இருக்கிறார், முன்பின் தெரியாத ஐயர் இருக்கிறார், வாயோரம் வழிகிறது, கனகராஜ் குடித்துக்கொண்டே இருக்கிறார். ஜெபா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, எங்க சேகரத்துல பன்னெண்டு ஊரு," என்றார் ஐயர், பாதிக் கிண்ணம் ஆனதும். "பன்னெண்டு ஊர்லயும் கோழி. பத்து வருஷமா ஒரு வீட்லயாவது கஞ்சி குடுக்க மாட்டாவளான்னு பாத்தேன். அதுக்கு கடல் தாண்டி வர வேண்டியிருக்கு."

கனகராஜ் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. பிறகு, வேறு யாரும் கேட்கத் துணியாததைக் கேட்டார். "திரும்பி வருவீயளா? இல்ல, மத்தவங்க மாதிரியா?"

ஐயர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நீங்க கடைசியா எப்ப திருவிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். சரோஜாதான் சொன்னாள், பழைய ஐயர் ஊருக்குக் கிளம்பின மாசம், அதோடு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று.

பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்தார் ஐயர். வீடுகளுக்குக் கொண்டுபோகிற கிண்ணமும் தட்டும் அதில் இருந்தன. கஞ்சிக் கிண்ணங்களை ஜெபா எடுத்துக்கொண்டு போக, அதே மேஜையில் வெள்ளைத் துணியை விரித்தார். கனகராஜ் அப்பத்தை இடது கையில் வாங்கி வாயில் வைத்தபோது ஒரு துணுக்கும் கீழே விழவில்லை.

ஆராதனையில் ஐயர் நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார், கொஞ்சமாகப் பேசினார். ஃபுஜைரா சபை அதுவரை கேட்டதிலேயே சின்னப் பிரசங்கம் அதுதான்; பலருக்கு அதனாலேயே பிடித்துப்போனது. கறியை கௌஸ் முகம்மது வேனில் ஏற்றி கிரஷர் கேம்ப்புக்குக் கொண்டுபோனார். கனகராஜின் பழைய ஆட்கள் சட்டியை வழித்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் முழுக்க போன் வரவில்லை. இவரும் ஜெபிக்கப் போய்விட்டார் என்று சரோஜா நினைத்தாள். மறு வாரம் ஆசீர் கூப்பிட்டார். ஐயர் வருகிறார். மூன்று ஊருக்கும் வருகிறார். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு சுற்றுக்கு ஒரு வீட்டில் மட்டும் சாப்பாடு, அந்த வீடு ஃபுஜைராவில். அஜ்மான்காரிகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் ஆசீருக்குக் கவலை.

ஐயர் பொறுப்பேற்ற முதல் வெள்ளி. நன்றி சொல்லிக் கவரில் போட்டுத் தருகிற ஸ்தோத்திரக் காணிக்கைகளைச் சபையில் வாசித்தார்கள். பிறந்தநாளுக்காக, மகன் பரீட்சையில் தேறினதற்காக, விசா புதுப்பித்ததற்காக. ஆசீர் அடுத்த கவரைப் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரோஜா கனகராஜ்," என்று வாசித்தார். "கஞ்சிக்காக."

முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலி இருந்தது. அதிலிருந்துதான் முதல் ஆமென் வந்தது, கொஞ்சம் குழறி.