ஆயுத பூஜைக்குக் கழுவிய பேட்டரிகள்

1. டிரம் வந்த நாள்

மயிலாப்பூரில் கால்வாய் ஓரமாக இருக்கும் உலர் குப்பைக் கொட்டகையில் நான் மேஸ்திரியாக வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவது வரைதான். வீடு வீடாக வாங்கி வரும் அட்டை, பாட்டில், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து மூட்டை கட்டி அனுப்புவது எங்கள் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத மனசு வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு நாள் மாநகராட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் சார் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார்.

"வீட்டுல இருந்து வர்ற பேட்டரி எல்லாம் இனிமே இதுக்குள்ளதான். ரிமோட் செல்லு, வாட்ச் செல்லு, போன் பேட்டரி, பவர் பேங்க், எதுவா இருந்தாலும் சரி. முனையில டேப் ஒட்டிப் போடணும். வெயில்ல வைக்காத, ஈரம் படவே கூடாது. மாசம் ஒருதரம் வண்டி வந்து எடுத்துக்கும்."

"செத்துப்போன செல்லுதானே சார்?" என்றேன்.

"செத்துப்போச்சுன்னு நீ நினைக்கிறய்யா. உள்ள மிச்சம் இருக்கும். ஒண்ணோட முனை இன்னொண்ணுல இடிச்சா சூடாகும். போன் பேட்டரி தீயே பிடிச்சுக்கும்."

டேப் ஒட்டும் வேலையைச் செல்வியிடம் கொடுத்தேன். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். கொட்டகையில் அவளைப் போலப் பிரிக்க ஆள் கிடையாது. கையில் எடுக்க வேண்டாம், பார்த்தே எந்த பிளாஸ்டிக் எந்த மூட்டைக்கு என்று சொல்லிவிடுவாள். வாயும் சும்மா இருக்காது. பக்கத்துத் தெரு மாமி ஒருத்தர் பிஸ்கட் டின் நிறைய பழைய செல்லைக் கொண்டுவந்து, "குப்பைல போட மனசு வரலைடியம்மா, அஞ்சு வருஷமா ஆத்துல சேர்த்து வெச்சுண்டிருக்கேன்" என்றார். "இன்னா மாமி, பொண்ணுக்குச் சீரா?" என்று கேட்டாள் செல்வி. மாமியே சிரித்துவிட்டார்.

2. கழுவியது

ஆயுத பூஜை அன்று கொட்டகையைக் கழுவி, தராசு, தள்ளுவண்டி, கொக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைப்போம். வருஷா வருஷம் நான்தான் முன்னால் நின்று செய்வேன். சாமி காரியத்தில் எனக்குக் குறை இருக்கக் கூடாது.

அந்த வருஷம் டிரம்மைப் பார்த்தேன். பேட்டரிகள் கசிந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பிசுபிசுவென்று இருந்தன. பூஜையில் வைக்கிற பொருள் இப்படியா இருப்பது? எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டித் தண்ணீர் விட்டு அலசினேன்.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னா மேஸ்திரி, செல்லுக்கெல்லாம் தலைக்கு ஊத்திக்கினு கீற? ஈரம் படக்கூடாதுன்னு சாரு சொன்னாரே."

"சாமி முன்னாடி வைக்கிறது. வெயில்ல காஞ்சா சரியாயிடும். நீ போய்ப் பொரி வாங்கிட்டு வா."

அலசியதில் அவள் ஒட்டிய டேப்பெல்லாம் உரிந்து வந்துவிட்டது. ஒரு தகரத்தில் பரப்பி உச்சி வெயிலில் காயவைத்தேன். காய்ந்ததும் அப்படியே அள்ளி டிரம்மில் போட்டேன். டேப்பை மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டிரம்முக்கு மூன்று இடத்தில் பொட்டு வைத்து, அட்டை மூட்டைகள் பக்கமாக நகர்த்தினேன்.

3. புகை

மூன்று மணிக்குப் பூஜை. கொட்டகை முழுக்கச் சாம்பிராணி. நான் கற்பூரம் ஏற்றி ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து செல்வி கூப்பிட்டாள். "மேஸ்திரி, இது சாம்பிராணி இல்ல. நகப்பாலிஷ் நாத்தம் மாரி கீது."

நான் திரும்பவில்லை.

"மேஸ்திரி, டிரம்முலேர்ந்து புகை வருது!"

"ஒரு நிமிஷம் இரு. ஆரத்தி முடியட்டும்" என்றேன். பாதியில் தட்டைக் கீழே வைக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் இருக்கவில்லை. பக்கத்தில் அத்தனையும் காய்ந்த அட்டை. பிடித்தால் கொட்டகையே போய்விடும். ஓடிப்போய் டிரம்மை இழுத்தாள். உள்ளேயிருந்து ஏதோ சீறிக்கொண்டு வெடித்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது என் கையில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மணலை அள்ளிக் கொட்டி நெருப்பை அடக்கினோம். கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்வியின் இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

4. அவள் சொன்னது

"பேட்டரி தானா வெடிச்சுதுன்னு எழுதிக்கலாமா?" என்று இன்ஸ்பெக்டர் சார் கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். கழுவியது, வெயிலில் வைத்தது, டேப் ஒட்டாமல் போட்டது எல்லாவற்றையும் சொல்லி அப்படியே எழுதச் சொன்னேன். மேஸ்திரி வேலை போனது. வேறு இடத்தில் வண்டி தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் செல்வியிடமும் சொன்னேன். "நான் கழுவினதுதான்மா காரணம். என்னை மன்னிச்சிடு."

கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினாள். "கழுவுனது தெரியாம பண்ணது மேஸ்திரி, வுடு. ரெண்டு வாட்டி கூப்ட்டேன். நீ திரும்பிக்கூட பாக்கலியே."

செல்வி இப்போதும் அதே கொட்டகையில்தான் இருக்கிறாள். அட்டை மட்டும் கட்டுகிறாள். பிரிக்கிற வேலையை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பேட்டரியைக் கழுவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், முனையை மூடாமல் ஒன்றாகப் போடாதீர்கள். உப்பிப் போன போன் பேட்டரியை மற்றவற்றோடு சேர்க்காமல், காய்ந்த மணலில் தனியே வையுங்கள். பூஜை அன்றும் இதேதான். டிரம்முக்குப் பொட்டு வைக்காவிட்டால் ஒரு குறையும் வராது.

கூட வேலை செய்கிற ஒருத்தி புகை வருகிறது என்று கூப்பிட்டால், கையில் ஆரத்தித் தட்டே இருந்தாலும் கீழே வைத்துவிட்டு ஓடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.