புகையில்லாத கணப்பு

கோழி குளிரில்தான் செத்தது என்று அண்ணி சொன்னார். நான் நம்பவில்லை. அந்த வீட்டிலேயே வெதுவெதுப்பான இடத்தில்தான் அது படுத்திருந்தது. இரும்பு அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, கூடைக்குள், வைக்கோல் மேல். அந்த இடத்தில் ஒரு கோழி குளிரில் சாகுமென்றால் நாங்கள் எல்லோரும் எப்போதோ விறைத்துப் போயிருக்க வேண்டும்.

செத்த பிறகும் அதன் கொண்டை வெளுக்கவில்லை. உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடப் பளிச்சென்று சிவந்திருந்தது. அண்ணி அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனபோது என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கன்னங்களும் நன்றாகச் சிவந்திருந்தன.

அறுபதுகளின் கடைசியில் என் கணவருக்கு ஜவளகிரியில் காட்டு ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஊத்தங்கரை வெயிலில் வளர்ந்த மனிதர். ஐப்பசி பிறந்தாலே மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஆபீஸுக்குப் போவார். கொள்ளையடிக்கப் போகிறாரா, கணக்கு எழுதப் போகிறாரா என்று நான் கேலி செய்வேன். நான் ஓசூர்க்காரி. குளிர் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஜவளகிரிக் குளிர் வேறு ரகம். காட்டிலிருந்து இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகவே போகாது. மார்கழியில் வெயில் ஏறும்வரை எதிரே இருந்த ஆபீஸ் கட்டடம் கண்ணுக்குத் தெரியாது.

எங்களுக்குக் கொடுத்த வீட்டின் உள்ளறையில் அந்த அடுப்பு இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தக் காலத்தில் வைத்துவிட்டுப் போனது. இடுப்பு உயரம், கன்னங்கரேலென்று இரும்பு, முன்னால் விறகு போட ஒரு சின்னக் கதவு, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் தகரக் குழாய். குழாயின் கழுத்தில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தட்டு குழாயை அடைத்துக்கொள்ளும். சமையலுக்கு அது ஆகாது. அறையைச் சூடாக்குவது ஒன்றுதான் அதன் வேலை.

அந்தத் தட்டின் உபயோகத்தை என் கணவர் தானே கண்டுபிடித்தார், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தார். தட்டு திறந்திருந்தால் சூடெல்லாம் குழாய் வழியாக வானத்துக்குப் போகிறது, விறகும் மளமளவென்று எரிந்து தீர்கிறது. கட்டை எரிந்து கங்காகி, புகை அடங்கியதும் தட்டை மூடிவிட்டால், அந்தக் கங்கு விடியும்வரை கதகதவென்று இருக்கிறது. விறகு பாதியாகக் குறைந்தது. காட்டு ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் விறகுக்குச் சிக்கனமா என்று கேட்கலாம். நாள் முழுக்க மரத்தை எண்ணி எழுதுகிற மனிதர், காட்டிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்குத் தூக்கி வரமாட்டார். ஏலம் எடுத்தவரிடம் வெக்காலி மரக் கட்டையாகப் பார்த்து வண்டியில் வாங்கிப் போடுவார். அதனால் அந்தத் தட்டு அவருக்குப் பெரிய பெருமை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நானும் நினைத்தேன்.

என் அம்மா இறந்து போயிருந்தார். ஓசூரில் அப்பாவின் வீடு என்பது பாதி ரொட்டிக் கடை. அடுப்பு வேலைக்கு இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். பிள்ளை பெற்றவளை வைத்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. ஓசூர் ஆஸ்பத்திரியில் பையன் பிறந்ததும், ஊத்தங்கரையிலிருந்து கணவரின் அக்கா வந்து என்னையும் குழந்தையையும் ஜவளகிரிக்கே கூட்டிப் போனார். அவரைத்தான் அண்ணி என்கிறேன். பூண்டு, சுக்கு, பெருங்காயம், ஒரு ஜெபமாலை, ஒரு மாதா படம், ஒரு முட்டையிடும் கோழி, இவ்வளவும் அவரோடு பஸ்ஸில் வந்தன. அவர் வைத்த பூண்டுக் குழம்பைப் போல நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. என் துணியெல்லாம் அவர்தான் துவைத்தார். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

அண்ணிக்குக் காற்றென்றால் பயம். பேய் பிசாசெல்லாம் இல்லை, வெறும் குளிர்ந்த காற்று. அவருக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்து, தீட்டுக் கழியும் முன்பே இறந்துவிட்டது. வந்த அன்றே அதை எனக்குச் சொன்னார். அடைமழைக் காலமாம். அறையை நன்றாக அடைத்து, கட்டிலுக்கடியில் கும்முட்டியில் கரிக்கங்கு போட்டு, அதில் ஓமமும் சாம்பிராணியும் தூவி, அவ்வளவு பத்திரமாகத்தான் வைத்திருந்தாராம். அப்படியும் எந்தச் சந்து வழியாகவோ காற்று புகுந்துவிட்டதாம். போகும்போதும் குழந்தையின் முகம் ரோஜாப்பூவாக இருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எழுந்து போய் ஜன்னல் இடுக்குகளைத் தடவிப் பார்த்தார்.

அடுத்த நாளே மைதாப் பசை காய்ச்சி, செய்தித்தாளைக் கிழித்து, உள்ளறை ஜன்னலைச் சுற்றி ஒட்டினார். மேலே மச்சுப் பலகைகளுக்கு நடுவே கந்தல் திணித்தார். கதவடியில் கோணிச் சாக்கைச் சுருட்டி வைத்தார். என் கணவரை முன்னறைக்குத் துரத்திவிட்டார். நானும் குழந்தையும் அண்ணியும், நரிக்குப் பயந்து உள்ளே கொண்டுவந்த கோழியும் அந்த அறையில் இருந்தோம். அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் கோழிக் கூடை, அடுத்தது அண்ணி, சுவரோரக் கட்டிலில் நாங்கள்.

காலையில் எழுந்தால் எனக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும். நாலு நாள் சாப்பிடாதவள் மாதிரி கால் தள்ளாடும். அண்ணிக்கும் அப்படியே. பித்தம் என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் வைத்துத் தானும் குடித்து எனக்கும் கொடுப்பார். முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போய்ச் சற்று நின்றால் தலைவலி குறையும். கஷாயம் கேட்கிறது என்பார் அண்ணி. பால் கொண்டுவரும் அம்மாள் கன்னடக்காரி. குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டால் உள்ளறை வாசலோடு நின்றுவிடுவாள். உள்ளே மூச்சு முட்டுகிறது என்று கன்னடத்தில் சொல்லிச் சிரிப்பாள். தலைவலி அதிகமாக அதிகமாக, இன்னும் எங்கோ காற்று வருகிறது என்று அண்ணி மேலும் ஒரு இடுக்கைத் தேடி அடைத்தார்.

குழந்தை அழவே மாட்டான். பால் குடிக்கும்போதே தூங்கிப்போவான். இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளையைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நிறத்தைப் பார், செக்கச்செவேலென்று, அப்பனைப் போலில்லை என்று அண்ணி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் கோழி செத்தது. அதன் கொண்டையைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் ரொட்டி அடுப்பு நினைவுக்கு வந்தது. மார்கழிக் குளிரில் அடுப்பறைக்குள் படுத்துக்கொள்ளலாம் என்று வேலையாட்கள் ஆசைப்படுவார்கள். அப்பா விடமாட்டார். துரத்திவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சரியான கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைத்ததுண்டு. ஒருமுறை கேட்டதற்கு, கங்கு மூச்சைத் தின்றுவிடும் என்று மட்டும் சொன்னார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. கோழிக்கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரியத் தொடங்கியது. இருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு இல்லை. அந்த ஒருவர் முன்னறையில், ஓட்டை ஜன்னலுக்குக் கீழே படுக்கிறவர்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் அடுப்பருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். புகையே இல்லையே என்றார். புகை இருந்தால் கண் எரிய வேண்டும், இருமல் வரவேண்டும், கங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிக் காட்டுவது. கோபம் மட்டும் வந்தது. ஜன்னல் காகிதத்தைக் கிழித்தேன். அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓசூர்க்காரிக்குக் குளிர் விளையாட்டாகத் தெரியும், எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்றார். கடைசியில் என் பிடிவாதத்துக்காக, தட்டை மூடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். காகிதத்தை அண்ணி திரும்ப ஒட்டிவிட்டார்.

ஒப்புக்கொண்டபடி இரண்டொரு நாள் தட்டு திறந்தே இருந்தது. தலைவலியும் இல்லை. ஆனால் அறை முன்போல் சூடாகவில்லை. அண்ணி குழந்தையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது தூறல் நாள். காலையிலிருந்து வெளிச்சமே வரவில்லை. மதியம் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிப் படுக்கவைத்த பிறகு அண்ணி அடுப்பு நிறையக் கட்டை போட்டதைப் பார்த்தேன். கட்டை கங்காகும்வரை ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணயர்ந்துவிட்டேன். அதன் பிறகு அவர் கைப்பிடியைத் திருப்பியிருக்க வேண்டும்.

விழித்தபோது தலைக்குள் யாரோ உலக்கை போட்டுக் குத்துவதுபோல் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது அந்தக் கைப்பிடிதான். குறுக்கே திரும்பியிருந்தது. அண்ணி என்று கூப்பிட்டேன். அவர் அடுப்போரச் சுவரில் சாய்ந்து, முகவாய் மார்பில் படிய உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை தரையில் கிடந்தது. பதில் இல்லை. பக்கத்தில் குழந்தையைத் தொட்டேன். கன்னம் சூடாக, சிவப்பாக இருந்தது. மார்பில் வைத்தேன், வாய் பற்றவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். கால் அசையவில்லை.

எழுந்து நின்றேன், முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு தவழ்ந்துதான் போனேன். அவ்வளவு சின்ன அறை, கதவு மட்டும் வந்துசேரவே இல்லை. கோணிச் சாக்கு கதவடியில் இறுகியிருந்தது. அதைப் பிடுங்கிக் கதவை இழுத்து, முன்னறையைத் தாண்டி வாசலில் போய் விழுந்தேன். எந்தக் காற்றுக்குப் பயந்து இத்தனை நாளும் அடைத்து வைத்திருந்தோமோ அந்தக் காற்றில், தூறலில், தலையில் ஒரு துணிகூட இல்லாமல் அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்தேன். அவன் அழவில்லை. மாதாவே என்று கத்தினேனா, கணவரைக் கூப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை. எதிர் ஆபீஸிலிருந்து அவர் ஓடி வருவது தெரிந்தது. அவர் வாசலுக்கு வரும் முன் குழந்தை ஒருதரம் விக்கினான். பிறகு மெல்லிய குரலில், பூனைக்குட்டி மாதிரி, அழத் தொடங்கினான். அழட்டும் அழட்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர் உள்ளே போய் அக்காவை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார். வெளியே வந்ததும் அவருக்கே தலை சுற்றியது. அண்ணி வாந்தி எடுத்தார். கண் திறந்தும் பேச்சு வராமல் வெகுநேரம் கிடந்தார். அதற்குள் என் கணவர் ஜன்னல் காகிதத்தையெல்லாம் கிழித்து எறிந்தார். அடுப்பு ஆறியதும் குழாயைக் கழற்றித் தட்டைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டார். அதன் பிறகு அந்த அடுப்பை, நன்றாகக் காய்ந்த கட்டை கொஞ்சமாகப் போட்டு, குழாய் திறந்தபடி, ஒரு ஜன்னல் நாலு விரல் திறந்தபடிதான் எரித்தோம். விறகு கூடுதலாகத்தான் செலவானது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம், வாசற்படியில் கம்பளி போர்த்திக்கொண்டு நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். குழந்தை பசித்து அழுது, குடித்து, மறுபடியும் அழுதுகொண்டிருந்தான். தட்டைத் திருப்பியதற்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதற்காக நான் காத்திருந்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"எம் பையனும் செவந்துதாம்மா இருந்தான்" என்றார். "சளி இல்ல, ஒடம்பு சுடல. குடிக்காம தூங்கிட்டே இருந்தான். கட்டிலுக்கடியில கரி கங்கா இருந்துச்சு. புகையே இல்ல. நாந்தான் வெச்சேன்."

நான் குழந்தையைத் தோளுக்கு மாற்றினேன்.

"நீ ரொட்டிக்கடைக்காரரு பொண்ணு. ஒனக்குத் தெரியும். சொல்லு."

சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. "இல்லீங்க அண்ணி, அது ஜொரம்" என்றேன். "கொழந்தைக்கு உள்ஜொரம் இருந்தா வெளியில தெரியாது."

"சரி" என்றார் அண்ணி. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் நெடுங்காலம் இருந்தார். நாங்கள் ஓசூரில் வீடு கட்டி, ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்து, பையன் அதில் ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போகும்வரை இருந்தார். வருஷா வருஷம் மார்கழியில் வந்து எங்களோடு தங்குவார். அந்த வீட்டில் கணப்பும் இல்லை, கரியும் இல்லை. ஆனாலும் படுக்கும் முன் போய், தன் அறை ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். குளிருமே அண்ணி என்றால், குளிரட்டும் என்பார். ஜொரம் என்று நான் சொன்னதை அவர் ஒருநாளும் நம்பவில்லை.