அக்கா உட்கார்ந்த நாள்

சூடு பார்த்துத் தண்ணீரில் கால் வைப்பவர்போல சேலை எடுத்துக் காட்டும் அந்த அக்கா நீலப் பிளாஸ்டிக் முக்காலியில் மெல்ல உட்கார்ந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலையில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவுக்கு நான் அப்போது மேற்பார்வையாளன். ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி ஆறு முக்காலிகளை வாங்கிப் போட்டார். பெண்களை வரிசையில் நிறுத்தி, நான் நாற்காலியில் அமர்ந்து, அறிவிப்பைப் படித்தேன். உட்காரும் உரிமையை அரை மணி நேரம் நிற்கவைத்து விளக்கிய மேதை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்வது மரியாதையில்லை என்ற பழக்கத்தில் யாருமே உட்காரவில்லை. ஒரே வாரத்தில் சேலைப் பெட்டிகள்தான் முக்காலிகளில் ஏறி அமர்ந்துகொண்டன.

அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருபவர். கால் நரம்பு சுருண்டுபோய், உட்காராவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளின் நர்ஸிங் படிப்புக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பௌர்ணமிக்கு மறுநாள், கூட்டமில்லாத மத்தியானம், ஒரு முக்காலியிலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். “கிரிவலம் வர்றவங்களுக்காவது புண்ணியம் கெடைக்குது. தெனம் நின்னுக்கினே கீற எனக்கு இன்னா கெடைக்குது?” என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். “அக்கா, எழுந்திருங்க!” என்று என் வாய் தானாகக் கத்தியது. “நீதானே தம்பி படிச்சுக் காட்டின? இன்னொரு தபா படி, அவரும் கேக்கட்டும்” என்றார் அக்கா, அசையாமல். முதலாளி என்னைப் பார்த்தார். பயத்தில் நிற்க முடியாமல், பக்கத்து முக்காலியிலிருந்த பெட்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்; நான் மறுக்கவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நின்றுகொண்டிருந்த முதலாளி, “பெட்டிய தரையில வெக்காதீங்க, அலமாரியில ஏத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டம் முக்காலியைக் கடைவரைக்கும் கொண்டுவந்து போட்டது. பெட்டியை இறக்க ஒரு வலித்த கால் வேண்டியிருந்தது. கூட உட்கார நாலு பேர் வேண்டியிருந்தது, அதில் ஒருவன் பயந்தாங்கொள்ளியாக இருந்தாலும். மகள் வேலைக்குப் போகும்வரை, அக்கா உட்கார்ந்து உட்கார்ந்தே வேலை பார்த்தார்.

போன மாதம் மனைவியோடு அதே கடைக்குப் போனேன். புதுப் பெண் ஒருத்தி, எழுந்திருக்காமலே, “சொல்லுங்க சார், இன்னா சேலை பாக்கறீங்க?” என்றாள். என் புருவம் வெட்கமில்லாமல் உயர்ந்தது. அதைச் சமாளிக்க, “முன்னெல்லாம் இங்க யாரும் உக்கார மாட்டாங்கம்மா” என்றேன்.

“ஏன் சார்?” என்று கேட்டாள். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். ‘மரியாதை’ என்று சொல்ல வந்தவன், பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சேலை காட்டும்மா” என்றேன்.