பயறு முளைத்த கார்

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் காரை நியூசிலாந்துக்குக் கப்பலில் அனுப்பினோம். கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு தென்தீவைச் சுற்றுவது திட்டம். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு சகோதரிகள் சந்திக்கவே இல்லை. மண்ணோ விதையோ இருந்தால் அங்கே துறைமுகத்திலிருந்து காரை வெளியே விடமாட்டார்கள் என்று கப்பல் முகவர் எச்சரித்திருந்தார்.

எங்கள் காரில் விதைக்குக் குறைவில்லை. நாங்கள் குடியிருந்த டூங்கபிப் புறநகரில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் சாமான் வாங்க நகரத்துக்குப் போய்வந்தது அந்த ஸ்டேஷன் வேகன்தான். மல்லியும் கடுகும் ஆசனங்களுக்கு அடியில் சிந்திக் கிடந்தன. பின்பக்கக் கம்பளத்தைத் தூக்கிய மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்கோ, உங்கட தோட்டத்தைப் பாருங்கோ!”

மழைநீர் ஒழுகிய மூலையில் பயறு முளைத்திருந்தது.

“ஒரு சுண்டலுக்குக் காணும்” என்றேன்.

“பகிடி விடாதேங்கோ. அக்காவோட ஊர் சுத்திறது இதிலதான் கிடக்கு.”

 இடுக்குகளில் கிடந்த கடுகைக் கொண்டை ஊசியால் கிளறி எடுத்தாள். நான் ஆசனங்களைக் கழற்றிக் கழுவினேன்.

அங்கே துறைமுகத்தில் அதிகாரி டார்ச்சுடன் காருக்குள் நுழைந்து, ஆசன இடுக்குகளில் விரலை விட்டுப் பார்த்தார். மனைவி, துறைமுகத்துக்கு வந்திருந்த அக்காவின் கையைப் பிடித்தபடி நின்றாள். வெளியே வந்த அதிகாரி சாவியை என்னிடம் நீட்டினார்.

அக்கா பின்னால் ஏறிச் சுற்றிப் பார்த்தார். “எடியே, உன்ர வீடும் இப்பிடித் துப்புரவோ?”

“வீட்டை ஒரு அதிகாரியும் வந்து பாக்கிறேல்லை, அக்கா.”

சொல்லிவிட்டு மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். தென்தீவு முழுவதும் முன் ஆசனத்தில் நான் தனியாகத்தான் இருந்தேன்.