காசுக்குக் கீழே கிடந்த மூடி

அகழாய்வுக் குழியோரத்துக் கொட்டகையில் பதிவேடு எழுதுகிறவருக்குச் சக ஊழியர்கள் சூட்டிய பட்டம், பூதக்கண்ணாடி. பால் பாக்கெட்டில் அச்சிட்ட தேதியை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. பிரித்து மோந்து பார்த்த பிறகே அடுப்பில் ஏற்றுவார். மகளுக்கு வரன் வந்தபோது பையனின் பிறப்புச் சான்றிதழைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரை அசலா என்று ஆராய்ந்தவர். அந்த மாப்பிள்ளைதான் இப்போது அதே குழியின் மேற்பார்வையாளர்.

குழியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், கண்டெடுத்தவர் யார் என்று சீட்டு எழுதி ஒப்பமிடுவது பூதக்கண்ணாடியின் வேலை. சீட்டு இருந்தால் சரித்திரம், இல்லாவிட்டால் குப்பை. ஆகவே, செத்து இரண்டாயிரம் வருஷமான மன்னர்களின் மானம் அவர் பேனாமுனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பேனாவின் பச்சை மூடி மூன்று வாரத்துக்கு முன் மாயமானது. கடைசியாகப் பேனாவை இரவல் வாங்கியவர் மாப்பிள்ளை. வேறு சாட்சி எதற்கு? அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை மகள் மூலமாகத்தான். "உன் வீட்டுக்காரரைக் கேளு", "உங்கப்பாவைக் கேளு" என்று அந்தப் பெண் தபால்காரி ஆகிப்போனாள்.

இந்த நிலையில்தான் ஒரு காலையில் மாப்பிள்ளை தாமாகவே வந்து ஒரு காசை மேசைமேல் வைத்தார்.

"மாமா, சாம்பல் அடுக்குன்னு சீட்டு எழுதுங்க. நாளைக்கு ஆய்வுக் குழு வருது."

அரண்மனை தீப்பிடித்து எரிந்த சாம்பல் அது. காசில் இருந்தது அந்த வம்சத்து நாலாவது மன்னரின் தலை. சாம்பலுக்குள் அவர் காசு கிடந்தால், தீ அவர் பட்டத்துக்கு வருமுன் பிடித்திருக்க முடியாது. இதை வைத்து, அரண்மனை அவர் ஆட்சியில்தான் எரிந்தது என்று மாப்பிள்ளை தம் பெயரில் முதல் கட்டுரையே எழுதி முடித்திருந்தார். தப்பாகிப்போனால் குழு குழியையே மூடச் சொல்லும். மாப்பிள்ளை வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பூதக்கண்ணாடி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னரின் மூக்கோரத்தில் பழுப்பு மண் ஒட்டியிருந்தது.

"சாம்பல்ல கெடந்தவர் மூஞ்சி கறுத்திருக்க வேண்டாமா? இவர் எங்கேயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கார்."

"ராஜாவையுமா சந்தேகப்படுவீங்க?"

"உங்களையே சந்தேகப்பட்டவன், மாப்பிள்ளை."

இருவரும் குழிக்குள் இறங்கினார்கள். கறுத்த சாம்பலின் நடுவே, காசு எடுத்த இடத்தில் மட்டும், முஷ்டி அளவுக்குப் பழுப்பு வட்டம். பூதக்கண்ணாடி கம்பியை விட்டுப் பார்த்தார். வெண்ணெயில் போவதுபோல மேல்நோக்கிச் சரிந்து போயிற்று. எலி வளை. மேல் அடுக்கிலிருந்து பழுப்பு மண்ணோடு மன்னரும் உருண்டு இறங்கியிருக்கிறார்.

மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் மனம் கேட்காமல் தூரிகையால் வட்டத்தை இன்னும் கீழே தட்டிக்கொண்டே போனார். காசு இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பேனா மூடி. ஒரு பக்கம் மாமனாரின் பல்தடம், மறுபக்கம் எலியின் பல்தடம்.

மாப்பிள்ளை மூடியை எடுத்து மண்ணை ஊதினார்.

"கீழே கெடக்கிறதுதான் பழசுன்னா, மாமா, நாலாவது ராஜா பொறக்கறதுக்கு முன்னாடியே நீங்க இந்த மூடியைக் கடிச்சிருக்கீங்க."

கட்டுரை குப்பைக்கூடைக்குப் போயிற்று. நாலாவது மன்னர் அரண்மனையைப் பறிகொடுத்த பழியிலிருந்து தப்பினார். காசுச் சீட்டில் பூதக்கண்ணாடி எழுதினார்: 'எலி வளை. தீயின் காலத்துக்குச் சாட்சி ஆகாது.' மாப்பிள்ளை மூடிக்கும் சீட்டு கேட்டார், விடவில்லை. 'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்தில் பேனா வெகுநேரம் தயங்கியது. பிறகு, மூன்று வாரமாகத் திருடன் என்று தாம் நம்பிவந்த பெயரை மாமனார் தெளிவாக எழுதி ஒப்பமிட்டார்.

சீட்டை நீட்டும்போது கேட்டார்: "எல்லாம் சரி, மாப்பிள்ளை. மூடியை எலி வர்ற பக்கமா வச்சது யாரு?"